ஓடுகிற கேஜுக்கு ஒரு பெல்

என் கார் சத்தம் போடுகிறது என்று முதலில் சொன்னவன் என் மகன். எனக்குக் கேட்கவில்லை. கேட்காது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் மெஷின் மாட்டிக்கொண்டால், எதிரில் நின்று வாயைத் திறந்து பேசுகிறவர்கள் சொல்வது விளங்கும். காரை ஸ்டார்ட் செய்துவிட்டாலோ அதே மெஷின் இன்ஜினையும் காற்றையும் ரோட்டையும் ஒன்றாகக் கலந்து, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி இரைச்சல் போடும். அதனால் ஓட்டும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வெட்கப்படுகிற மாதிரி என் காது யாருக்கும் எந்தத் துரோகமும் செய்யவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகனுக்கு பெங்களூரில் வேலை, குடித்தனமும் அங்கேதான். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்துவிடுவான். முன் சீட்டில் இருந்தவன் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னான். நிறுத்தினேன். நான் மெஷினை எடுத்துக் காதில் மாட்டும்வரை பொறுமையாக இருந்துவிட்டு ஆரம்பித்தான்.

"டாடி, முன்னாடி லெஃப்ட் சைடுல டக்கு டக்குன்னு அடிக்குது. கேக்கலையா?"

"எப்ப அடிக்குது?"

"ஹம்ப் வந்தா அடிக்குது. பள்ளம் வந்தா அடிக்குது. இது இன்னிக்கி வந்த சத்தம் இல்ல. உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அதோடு விட்டிருந்தால் சரி. விடவில்லை. "இதே கேக்கலன்னா பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா எப்பிடி கேக்கும்? போதும் டாடி. வண்டியக் குடுத்துடலாம். பங்காருபேட்டைல ஒருத்தர் பழைய வண்டி எடுக்கறாரு. பேசிட்டேன்."

பேசிவிட்டானாம். என் வண்டியைப் பற்றி என்னிடம் பேசுவதற்கு முன்னால் எவனோ ஒருவனிடம் பேசிவிட்டான். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது.

நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கும் ஊருக்குமாக அடுத்தவர் வண்டியை ஓட்டித்தான் இவனைப் படிக்க வைத்தேன். சொந்தம் என்று வாங்கியது இந்தக் கார் ஒன்று. வாங்கும்போதே பழசு. காலையில் என் மனைவியைப் பங்காருபேட்டையில் அவள் வேலை பார்க்கிற ஸ்கூலில் விடுவேன். சாயங்காலம் போய்க் கூட்டி வருவேன். சாவி போய்விட்டால் அவளுக்கு பஸ் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் சொல்வதெல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி ஆகிப்போன இரண்டு மூன்று பேரை எங்கள் லைன் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். நான் ஆக மாட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தச் சத்தம் எங்கேந்து வருதுன்னு நானே கண்டுபுடிச்சி நிறுத்தறேன்" என்றேன். "நிறுத்தலன்னா சாவி உன் கையில."

"நீங்களே எப்பிடி டாடி, உங்களுக்குத்தான்..." என்று இழுத்தான்.

"சொல்லு. கேக்காதுன்னு சொல்லு."

"கேக்காது" என்றான். வாய் அப்படியே என் வாய். வேறு எப்படி இருக்கும்.

பின் சீட்டில் இருந்த என் மனைவி எனக்குப் பரிந்து பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். "அவன் சொன்னதுல இன்னா தப்பு?" என்றாள். எனக்கு வலித்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அவளை ஸ்கூலில் இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போனேன். ராபர்ட்சன்பேட்டையில் ஷெட் வைத்திருக்கிறவன், நல்ல வேலைக்காரன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவனே ஓட்டினான். ஊரில் இருக்கிற ஹம்ப், அதாவது வேகத்தடை, எல்லாவற்றிலும் ஏறி இறங்கினான். ஷெட்டுக்குத் திரும்பியதும் என் முகத்துக்கு நேராக வந்து கத்திச் சொன்னான்.

"சத்தம் கீது சார். ஸ்ட்ரட்டு போச்சு. மேல மவுண்டும் போயிருக்கும். ரெண்டு பக்கமும் மாத்திடலாம்."

ஸ்ட்ரட் என்பது சக்கரத்துக்கு மேலே நிற்கிற ஸ்பிரிங்கும் அதற்குள் இருக்கிற ஷாக் அப்சார்பரும். "கழட்டிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"கழட்டணும்னே இல்ல சார். ஹம்ப்ல அடிச்சா ஸ்ட்ரட்டு."

நான் கீழே இறங்கி, பானட்டின் இடது மூலையில் இரண்டு கையையும் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கிவிட்டேன். வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே நின்றது. ஷாக் போன வண்டி அப்படி நிற்காது, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அதை அவனுக்குக் காட்டினேன். "அது அப்பிடித்தான் சார் தெரியும்" என்றான்.

"என் காதுல பூ சுத்தலாம்ப்பா, கண்ணுல சுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் ஏமாற்றுகிறவன் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு யாரோடாவது முறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். பால் ஜாயிண்ட் போயிருந்தால் சக்கரம் கையோடு வரும். வரவில்லை. பக்கவாட்டில் ஆட்டினேன், ஸ்டீயரிங் கம்பிகளும் கெட்டியாக இருந்தன. டிக்கியைத் திறந்து உள்ளே உருளக்கூடியது எல்லாவற்றையும் வெளியே போட்டேன். ஸ்பானர்கள், மனைவியின் உடைந்த குடை, எப்போதோ டிசம்பரில் வாங்கி மாட்ட மறந்துபோன காகித ஸ்டார். டிக்கி காலி. மறுநாள் ஸ்கூலுக்குப் போகும்போது "இப்ப?" என்று கேட்டேன். "அடிக்குது" என்று தலையை ஆட்டினாள்.

சரி, காது வேண்டும். என்னிடம் இல்லை, அவளிடம் இருக்கிறது. வீம்பை ஓரமாக வைத்துவிட்டு அன்று சாயங்காலம் ஸ்கூல் வாசலில் கேட்டேன். "சத்தம் வர்ற நேரத்துல என் தோள்ல ஒரு தட்டு தட்டு. எங்க வருது, எப்ப வருதுன்னு நான் பாத்துக்கறேன்." என் இடது பக்கத்தில்தானே உட்காருகிறாள், கை எட்டும். சரி என்றாள்.

பங்காருபேட்டையைத் தாண்டி ஒரு ஹம்ப் வந்தது. தோளில் தட்டினாள். என் கால் பிரேக்கில் இறங்கியது. மறுபடி தட்டினாள். இன்னும் அழுத்தினேன். வண்டி குலுங்கி, இன்ஜின் அணைந்து, நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த பைக்குக்காரன் ஒடித்து வளைத்துக்கொண்டு போனான். போகும்போது என்ன திட்டினானோ, கேட்கவில்லை, நல்லதுதான். என் மனைவியின் வாய் மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, மெஷினை மாட்டினேன்.

"இன்னாத்துக்கு நின்னீங்க?"

"நீதான தட்டுன."

"சத்தம் வந்துச்சி, தட்டுனேன். நிக்கச் சொன்னனா?"

"ஒரு தட்டு தட்டுனா நிக்கணும்."

"யார் சொன்னது?"

"உங்கப்பா."

சொன்ன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. சுரங்கத்தில் நான் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டை, கேஜை, ஓட்டுகிறவன். அந்தக் கேஜ் என் கண்ணுக்குத் தெரியாது. அது ஷாஃப்டுக்குள்ளே, நான் தள்ளி இருக்கிற இன்ஜின் வீட்டுக்குள்ளே. என் மாமனார் ஷாஃப்டின் வாயில் நின்று பெல் அடிப்பார், அந்தப் பெல்லைக் கேட்டு நான் ஓட்டுவேன். ஓடுகிற கேஜுக்கு ஒரு பெல் அடித்தால், நில். நிற்கிற கேஜுக்கு ஒரு பெல் அடித்தால், மேலே தூக்கு. இரண்டு அடித்தால், கீழே இறக்கு. மூன்று அடித்தால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்து ஓட்டு. ஒரு பெல்லுக்கு யோசித்துக்கொண்டு பிரேக் போடுகிறவனை அந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். யோசிக்கக் கூடாது, கால் தானாக இறங்க வேண்டும். என் கால் இன்னும் இறங்குகிறது.

அவளுக்கும் இந்தக் கணக்கெல்லாம் தெரியும். அவள் அப்பா சோறு உண்ணும்போதே தட்டில் தட்டி, பிள்ளைகளுக்கு இதைத்தான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். "எங்கப்பா போயே எவ்ளோ வருசம் ஆச்சு" என்றாள். "இன்னும் உங்க கால அவர்தான் அமுக்கிக்கினு கீறாரு." சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கடுப்பாக இருந்தது.

மறுபடி கிளம்பினோம். இந்த முறை கால் இறங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தட்டினாள், இறங்கிவிட்டது. ஊரிகம் வருவதற்குள் ரோட்டில் பார்த்தவர்கள் எல்லாம் வயசான காலத்தில் இவன் ஓட்டப் பழகுகிறான் என்று நினைத்திருப்பார்கள். "உங்களோட முடியாதுப்பா" என்று வாயசைத்துவிட்டு அவள் கையை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தாதுவை அரைத்து மிஞ்சிய மண்ணை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, சயனைட் மேடு, அதன் ஓரமாக வண்டி நின்றது.

பிறகு அவள் என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். மெஷினை மாட்டினேன்.

"நான் எத்தினி தட்டு தட்டுனேன்?"

"எப்பவும் ரெண்டு. ஒண்ணு தட்ற, நான் பிரேக் போட்றேன், திரும்ப தட்ற. நிக்கப் போறவனத் தட்டினா நான் இன்னா பண்றது?"

"சத்தம் வந்தாதான தட்றேன். ரெண்டாவது தட்டு தட்டறப்ப ஹம்ப் எங்க இருந்துச்சி?"

ஹம்ப் இல்லை. ஹம்ப் பின்னால் போயிருந்தது. ரோடு சமமாக இருந்தது. நான் பிரேக் போட்டேன், அவ்வளவுதான்.

"மொத சத்தம்?" என்று கேட்டேன். "ஹம்ப் மேலயா, அதுக்கு முன்னாடியா?"

கண்ணை மூடி யோசித்தாள். "முன்னாடி" என்றாள்.

முன்னாடிதான். ஹம்புக்கு முன்னால் பிரேக் போடாதவன் யார்? நான் போடுகிறேன், என் மகன் போடுவான், மெக்கானிக்கும் போட்டிருப்பான். ஹம்ப் வந்தால் சத்தம் வருகிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து ஹம்ப் மேல் பழியைப் போட்டுவிட்டோம். அடித்தது ஹம்ப் இல்லை, பிரேக். என் மாமனாருக்குப் பயந்து சமமான ரோட்டில் என் கால் இறங்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

"இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்றேன். "தட்டாத. வேற எதனா பண்ணு."

"கிள்றேன்" என்றாள். கிள்ளினாள், காதை. ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் செய்து பழகிய கை, நன்றாகவே பிடித்தது. சமமான ரோட்டில் பிரேக் போட்டேன், கிள்ளினாள். நின்று கிளம்பினேன், கிள்ளினாள். ரிவர்ஸில் போய் பிரேக் போட்டேன், அதற்கும் கிள்ளினாள். ஹம்ப் ஒன்றைப் பிரேக்கே போடாமல் ஊர்ந்து ஏறி இறங்கினேன். கை வரவில்லை. காது சிவந்து எரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அது ஒரு வேலைக்கு உதவியது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் இழுபடும். அதை இழுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கீழே இருக்கிற இரும்புக் கை, லோயர் ஆர்ம். அந்தக் கை வண்டியோடு சேருகிற இடத்தில் ரப்பர் வைத்த புஷ் இருக்கும். ரப்பர் கிழிந்தால் இரும்பு போய் இரும்பில் இடிக்கும். நான் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினேனே தவிர, முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளுக்கு ஸ்கூல் லீவு. வாசலில் வண்டியைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, கடப்பாரையோடு கீழே படுத்தேன். அவள் சக்கரத்துப் பக்கத்தில் குனிந்து நின்றாள். ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். இன்னொரு கையை ஆர்மின் பின்பக்கத்தில் அழுத்தி வைத்திருந்தேன். உள்ளங்கையில் ஒரு இடி இடித்தது. திரும்ப நெம்பினேன், திரும்ப இடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் பாதிக்குமேல் பிளந்து தொங்கியது.

தலையை வெளியே நீட்டினேன். அவள் விரலை ஆட்டி, நான் படிப்பதற்காக நிதானமாக வாயை அசைத்தாள். "அதான். அதே சத்தம்."

அவளுக்குக் காதில் கேட்டது எனக்குக் கையில் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "லெஃப்ட் லோயர் ஆர்ம், பின் புஷ். அத மட்டும் மாத்து" என்றேன். அவனும் நெம்பிப் பார்த்தான். "ஆமா சார், கிழிஞ்சி கீது. நான் ஹம்ப்புலயே பாத்துக்கினு இருந்துட்டேன்" என்றான். புது புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றி, ஆர்மை மாட்டினான். நட்டை முறுக்கலாம் என்று நான் ஸ்பானரை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டான். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் புது ரப்பரும் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடுமாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு வந்தது, மகனும் வந்தான். சர்ச் முடிந்ததும் அவனை முன் சீட்டில் உட்கார வைத்து, எங்கெங்கே ஹம்ப் இருக்கிறதோ அங்கெல்லாம் போனேன். வேண்டுமென்றே பிரேக் போட்டேன். அவன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் சாம்பியன் ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னான். நிறுத்தி மெஷினை மாட்டிக்கொண்டு, ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"சத்தம் இல்ல டாடி."

"இல்லல்ல? உன் பங்காருபேட்டைக்காரனுக்குப் போன் பண்ணிச் சொல்லு."

அவன் போனை எடுக்கவில்லை. "நான் சத்தத்துக்காகச் சொல்லல. உங்களுக்காகச் சொன்னேன். சத்தம் போயிடுச்சி. காது வந்துடுச்சா? நீங்க வண்டி எடுத்தாலே எனக்கு அங்க வேலை ஓடல. பயமா கீது டாடி."

எனக்குக் கோபம் வந்தது. பேச்சு பேச்சுதானே, சத்தம் போனால் சாவி என்னிடம் என்றுதானே பேச்சு என்று கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டான். எதிர்த்துப் பேசுகிறவனோடு எனக்குச் சண்டை போடத் தெரியும். எனக்காகப் பயப்படுகிறவனோடு எப்படிப் போடுவது? சாவியை உருவிக் கொடுத்துவிடலாம் என்று என் கை தானாக அதன்மேல் போய் நின்றது.

அப்போது பின் கதவு திறந்தது. என் மனைவி இறங்கி, சுற்றி வந்து, முன் கதவைத் திறந்தாள்.

"நீ பின்னாடி போ" என்றாள் அவனிடம்.

"மம்மி, நீங்களும்தான அன்னிக்கி..."

"சொன்னேன். இன்னா தப்புன்னு கேட்டேன். இப்ப சொல்றேன் கேளு. உங்க தாத்தா பெல் அடிக்காம இவரு ஒரு நாளும் கேஜைத் தூக்குனதில்ல. கண்ணால பாக்காத கேஜு. அதுல எத்தினி வீட்டு ஆம்பளைங்கள ஏத்தி எறக்கிக் கீறாரு. அன்னிக்கி யாரும் இவரப் பாத்து பயப்படல. இனிமேலும் பெல் இல்லாம வண்டி நகராது. நான் உக்காந்தா நகரும், இல்லன்னா இல்ல." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும்தான். கேட்டுச்சா?"

கேட்டது. தனியாக எடுக்கக் கூடாது என்கிறாள். காலையில் அவளை விட்டால் சாயங்காலம்வரை வண்டியோடு ஸ்கூல் வாசலிலேயே கிடக்க வேண்டியதுதான். இதையே அவன் சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். ஆனால் பெல் இல்லாமல் கேஜ் நகராது என்பது எந்த வைண்டிங் டிரைவரும் தலை நிமிர்ந்து ஒத்துக்கொள்கிற சட்டம். தலையை ஆட்டினேன். மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. மெஷினைக் கழற்றிப் பையில் போட்டேன். எதுவும் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

அவள் பின்னால் திரும்பி ரோட்டைப் பார்த்தாள், வருகிற வண்டியெல்லாம் போகட்டும் என்று விட்டாள். பிறகு என் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

நிற்கிற கேஜுக்கு ஒரு பெல் அடித்தால், மேலே தூக்கு. தூக்கினேன்.